கெர்ட்ரூட் பேசாத நாள்

இதைச் சொல்லும்போது கெர்ட்ரூட் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் பாஸ்கல் நடுவில் எதையும் மறுத்துச் சொல்லவில்லை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்லட்டுமா என்று மட்டும் ஒரு முறை கேட்டார். போன வருஷத் தவக்காலத்தில், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. இப்போது அவர்கள் ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருந்த அந்த வீட்டில் இல்லை. பாதிச் சாமானை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள்.

கெர்ட்ரூட் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பாஸ்கலுக்குத் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவார். ஒரே மகள் செரீனாவுக்கு ஆறு வயது.

நாள் முழுக்கப் பேசுகிற வேலை கெர்ட்ரூட்டுக்கு. அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டால் முதலில் "தயவுசெய்து காத்திருங்கள்" என்று ஒரு பதிவுக் குரல் வரும். அதுவும் அவள் குரல்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் பதிந்தது. மற்றவர்களுக்குத் தங்கள் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாரோ பேசுவதுபோல இருக்கும். கெர்ட்ரூட்டுக்கு அப்படியில்லை. தன் குரல் அடுத்தவர் காதில் எப்படி விழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் குரல்தான் அப்போது கெட்டுப் போயிருந்தது. தொண்டையில் சின்னதாகச் சதை வளர்ந்திருக்கிறது, கொஞ்ச நாள் வாயைத் திறக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசினால் தகரத்தைத் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்பு. கோயிலில் பழக்கமான நவமணி அக்காதான் யோசனை சொன்னாள்.

"லகாட் பக்கம் ஒரு நாள் மௌன தியானம் இருக்கும்மா. காலையில போனா சாயங்காலம் வந்துரலாம். என் காடியிலயே போலாம். தொண்டைக்கும் நல்லது, ஆத்துமாவுக்கும் நல்லதுலா."

போனார்கள்.

தியான இல்லம் ஒரு பழைய துரை பங்களா. ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் மேனேஜர் இருந்த வீடு. தோட்டம் எப்போதோ போய்விட்டது. சுற்றிலும் செம்பனை. பின்பக்கம் மட்டும் வெட்டாமல் விட்ட ரப்பர் பால்மரங்கள் கொஞ்சம் காடாகிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மண் ரோடு சரிவில் இறங்கிப் போனது.

தியானம் நடத்திய சிஸ்டர் முதலிலேயே எச்சரித்தார். "பின்னால அந்த ரோட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம். கீழ ஈயம் தோண்டின பழைய குட்டை இருக்கு, ரொம்ப ஆழம். ரோடு சரிஞ்சு தண்ணிக்குள்ள போயிடுச்சு."

பிறகு விதிகள். எட்டு மணியிலிருந்து மாலைப் பூசை வரைக்கும் பேசக் கூடாது. சைகை காட்டக் கூடாது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவும் கூடாது. எல்லோருடைய போனையும் அணைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார் சிஸ்டர். டின்னை ஆபீஸ் அறையில் இருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மணி அடித்தது. மௌனம் தொடங்கியது.

காலை நன்றாகத்தான் இருந்தது. பத்துப் பெண்கள் நிழல்போல நடமாடினார்கள். தட்டில் கரண்டி படுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. பத்து மணிவாக்கில், வராந்தாவில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த கெர்ட்ரூட் காதில் ஒரு பேச்சுச் சத்தம் விழுந்தது.

தாழ்ந்த குரல். பெண் குரல்.

சமையல் செய்ய வந்திருந்த ராக்காயியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு மௌனம் இல்லையே.

மதியம் சாப்பாடு முடிந்தது. ஓய்வெடுக்க ஆளுக்கொரு சிறிய அறை. கெர்ட்ரூட்டின் அறைக்கு அடுத்தது ஆபீஸ். நடுவில் பலகைச் சுவர். படுத்துக் கண்ணை மூடினாள்.

மறுபடியும் அந்தப் பேச்சு. இப்போது பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம்.

கொஞ்சம் பேசும். நிற்கும். மறுபடி பேசும். எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வதுபோல. டெலிபோனில் பேசுகிற பேச்சு அது. பதினைந்து வருஷம் அந்த வேலை செய்தவளுக்கு அது தெரியாதா?

யாரோ விதியை மீறிவிட்டார்கள் என்று நினைத்தாள். எரிச்சல்தான் வந்தது, பயம் இல்லை. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ராக்காயி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வீட்டுக்கு. அவளுக்கு முன்னாலேயே சிஸ்டரும், மாலைப் பூசைக்குச் சாமியாரை அழைத்து வர ஈப்போவுக்குப் போய்விட்டார்.

பேச்சு நிற்கவில்லை.

கெர்ட்ரூட் சுவரில் காதை வைத்தாள்.

"...சாப்டாச்சா? பாப்பாவுக்கு மீன் முள்ளு எடுத்துக் குடுத்தீங்களா?"

நல்ல குரல். தெளிவான, இனிமையான குரல். எங்கேயோ கேட்ட குரல்.

"...தொண்டையில ரத்தம் வந்துருச்சுங்க. இங்க யாரும் இல்ல. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

எங்கேயோ கேட்ட குரல் இல்லை. தினமும் கேட்கிற குரல். தயவுசெய்து காத்திருங்கள் என்று சொல்கிற குரல். கரகரப்பு வருவதற்கு முன்னால் இருந்த... அவள் குரல்.

"...பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. தனியா விடாதீங்க."

கெர்ட்ரூட் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஆபீஸ் கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை.

ஒரு மேசை. ஒரு நாற்காலி. சுவரில் திரு இருதயப் படம். இரும்பு அலமாரி, பூட்டியபடி. மின்விசிறிகூட ஓடவில்லை. அவ்வளவு அமைதி. 

அப்போது பாஸ்கல் பேசினார்.

"ஹலோ? கெர்டி? கேக்குதா?"

சின்னதாக, தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல. அலமாரிக்குள்ளே.

"கேக்குதுங்க," என்றது அவள் குரல்.

அதுவும் அலமாரிக்குள்ளே.

"லகாட் தாண்டிட்டேன். முன் கேட்டுக்கு வரவா?"

"வேணாங்க. முன் கேட்டு பூட்டி இருக்கு. பழைய ரப்பர் பால் கொட்டாய் கிட்ட ஒரு மண் ரோடு இருக்கும். அதுல நேரா வாங்க. நான் சொல்லிக்கிட்டே வாரேன். போன வெக்காதீங்க."

கெர்ட்ரூட் அலமாரிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு கடகடவென்று ஆடியது.

"என்ன சத்தம் அங்க?" பாஸ்கல் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க," என்றது உள்ளே இருந்த குரல். "இங்க ஒருத்தி கதவ இழுக்குறா."

அலறினாள்.

வாய் திறந்தது.  சத்தம் வரவில்லை. கரகரப்புகூட இல்லை. வெறும் காற்று. மறுபடியும்... வெறும் காற்று.

வராந்தாவுக்கு ஓடினாள். நவமணி அக்கா மாமரத்தடியில் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தாள். கெர்ட்ரூட் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். நவமணி அக்கா கண்ணைத் தூக்கவே இல்லை. தியானத்தில் சில பேருக்கு இப்படி அழுகை வரும் என்று நினைத்தாளோ என்னவோ, கையை மெதுவாக விலக்கி, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்து போய்விட்டாள்.

இனி யாரிடம் போய், என்னத்தை எழுதிக் காட்டி, எப்போது புரியவைப்பது? லகாட் தாண்டிவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகாது.

செருப்பைத் தேடவில்லை. பின்பக்கப் படியில் இறங்கி, மண் ரோட்டில் ஓடினாள்.

மழை பிடித்துக்கொண்டது. மதிய நேரத்து ஈப்போ மழை, முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. பால்மரங்களுக்கு நடுவே ஒரே மங்கல். புல் முழங்கால் வரைக்கும் வளர்ந்திருந்தது. வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். தூரத்தில் காடி ஒன்று முதல் கியரில் உறுமுகிற சத்தம் கேட்டது. வலது பக்கம் குட்டை தெரிந்தது. மழையில் மண்ணும் தண்ணீரும் ஒரே நிறம். ரோடு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது, எதுவும் தெரியவில்லை.

குட்டையோரமாகப் புதரைப் பிடித்துப் பிடித்து அந்தப் பக்கம் போனாள். முள் கிழித்தது. மண் ரோட்டில் ஏறி நிமிர்ந்தபோது விளக்குகள் கண்ணில் அடித்தன.

பாஸ்கலின் காடி.

இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றாள்.

காடி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. பம்பர் அவள் முட்டியைத் தொட்டது. பாஸ்கல் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார்.

"கெர்டி?"

ஆமாம் என்று தலையாட்டினாள். அழுதாள்.

அப்போது டாஷ்போர்டில் மாட்டியிருந்த போனிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க நிப்பாட்டிட்டீங்க?"

பாஸ்கல் போனைப் பார்த்தார். வெளியே பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"கெர்டி... நீ எங்க இருக்க?"

"மேல ரூம்ல படுத்திருக்கேங்க. சொன்னேன்ல."

"அப்ப இங்க நிக்கிறது யாரு?"

 வைப்பர் மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்...

"அவளக் காடியில ஏத்தாதீங்க," என்றது குரல். அமைதியாக. "பேசச் சொல்லிப் பாருங்க. அவளால பேச முடியாது."

தொண்டை கெட்டவளுக்கு இந்தக் குரல் எப்படி வந்தது என்று, வந்த அவசரத்தில், பாஸ்கலுக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"பேசு," என்றார். "ஒரு வார்த்த பேசு. என் பேரச் சொல்லு."

வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பா... உதடு மட்டும் ஒட்டிப் பிரிந்தது.

காற்று.

"பாத்தீங்களா?" என்றது போன். "நேரா வாங்க. முன்னால தண்ணி கெடக்கும். மழத் தண்ணிதான். பயப்படாதீங்க."

பின் சீட்டில் செரீனா அழத் தொடங்கினாள். தலைவிரி கோலமாக, சேறு வழிய, வாயைத் திறந்து திறந்து மூடுகிற அந்த உருவத்தைப் பார்த்து அழுதாள். "போலாம்ப்பா... போலாம்ப்பா..." சீட்டுக்குக் கீழே முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்துப் பயந்ததுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது என்று கெர்ட்ரூட் சொல்கிறாள்.

கண்ணாடி ஏறியது.

காடி நகர்ந்தது. மெல்ல.

அவள் விலகவில்லை. பானெட்டில் கை ஊன்றித் தள்ளினாள். கால் சறுக்கியது. பக்கவாட்டில் விழுந்தாள். கதவுக்குக் கீழே, சேற்றில்.

பாஸ்கல் குனிந்து பார்த்தார்.

அவள் கணுக்காலில் ஒரு அட்டை. குடித்துக் குடித்துக் கொழுத்த அட்டை. அதைச் சுற்றி ரத்தம், மழையில் கரைந்து பாதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பான ரத்தம்.

பிசாசை அட்டை கடிக்குமா?

அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான். கதவைத் திறந்தார். அவளை வாரி உள்ளே போட்டார்.

"ஏங்க," என்றது போன். "தப்புப் பண்றீங்க."

கெர்ட்ரூட் முன்னால் கையைக் காட்டினாள். பாஸ்கல் இறங்கி மழையில் நாலு எட்டு நடந்தார். ஐந்தாவது எட்டு வைக்கவில்லை. ரோடு அங்கே இல்லை. திரும்பி வந்து காடியில் ஏறினார். ஒரு வழியாகப் பின்னோக்கியே ஓட்டி, தார் ரோடு வரைக்கும் வந்து சேர்ந்தார்.

போன் அதன் பிறகு பேசவில்லை. ஆனால் அழைப்பு துண்டிக்கப்படவும் இல்லை. திரையில் 'கெர்டி' என்று பெயர். கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்கல் போனைத் தொடவே இல்லை, பேட்டரி தீரட்டும் என்று காடியிலேயே விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உப்பு வைத்து அட்டையை எடுத்தார். செரீனா அதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகுதான் அம்மாவின் மடியில் வந்து ஒட்டிக்கொண்டாள். கெர்ட்ரூட்டுக்குக் காய்ச்சல் ஏறியது. அறையில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, பாஸ்கல் சமையலறையில் கஞ்சி வைத்தார். செரீனா ஹாலில் கார்ட்டூன் பார்த்தாள். முன்கதவு, பின்கதவு இரண்டையும் தாழ் போட்டிருந்தார். அன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் நவமணி அக்கா பூசைக்குப் போகிற வழியில் வந்து ஹார்ன் அடித்தாள். பாஸ்கல் உள்ளே கூப்பிட்டார். கெர்ட்ரூட் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் பாதி திரும்பியிருந்தது. கிசுகிசுப்பாக, "வாங்கக்கா," என்றாள்.

நவமணி அக்கா திகைத்தாள். "என்னம்மா, மறுபடியும் கொரலு போயிடுச்சா?"

மறுபடியும்?

"சொல்லாம வந்ததுக்குக் கோவிச்சுக்காதீங்கக்கா," என்றார் பாஸ்கல். "மூணு மணிக்கெல்லாம் இவள நான் கூட்டிட்டு வந்துட்டேன். இவ பையும் போனும் அங்கயே இருக்கு."

நவமணி அக்கா சிரித்தாள். விளையாடுகிறார் என்று நினைத்தாள்.

"என்ன தம்பி, காலங்காத்தால காமெடியா? மூணு மணிக்கு எங்க போனா? பூசையில என் பக்கத்துலதான உக்காந்திருந்தா. மௌனம் முடிஞ்சு ஆளாளுக்கு ரெண்டு வார்த்த பேசச் சொன்னாங்க. இவதான் அதிகமா பேசினா. மணி மாதிரி கொரலு! சிஸ்டரே அழுதுட்டாங்க. வர்ற வழியெல்லாம் வாய் மூடலையே. நாள் பூரா அடக்கி வெச்சதெல்லாம் கொட்டுறியான்னுகூடக் கேட்டேன்."



"பையும் போனும் கையிலதான வெச்சிருந்தா. ஏழரைக்கு உங்க கேட்டுல எறக்கிவிட்டேன். உள்ள போறவரைக்கும் பாத்துட்டுத்தான் காடிய எடுத்தேன். பாப்பாதான் வந்து கதவத் தொறந்துச்சு."

மேசையில் செரீனா மைலோவில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தாள். பாஸ்கல் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா... நேத்து யாருக்கும்மா கதவத் தொறந்த?"

"அம்மாவுக்கு."

"அம்மா ரூம்ல தூங்கிக்கிட்டு இருந்தாங்கல்ல?"

 பிஸ்கட் மைலோவுக்குள் உடைந்து விழுந்தது.

"சொல்லும்மா."

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

செரீனா கெர்ட்ரூட்டைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, சமையலறைக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த அம்மா," என்றாள்.